ஆச்சாரியாரின் மதுவிலக்கும் முதலமடைத் தென்னைகளும்

1967ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் தேதி, சென்னையில் அண்ணாதுரையும் திருவனந்தபுரத்தில் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடும் ஒரே நாளில் முதல் மந்திரிகளாகப் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டதையும், முன்னவர் மதுவிலக்கைக் கைவிடாமல் காக்க, பின்னவரது சர்க்கார் அதே ஆண்டில் அதை நீக்கிவிட, முதலமடைக்கும் பொள்ளாச்சிக்கும் இடையிலுள்ள கோவிந்தாபுரம் எல்லை, இரண்டு ராஜ்யங்களுக்கு மட்டுமன்றி இரண்டு தர்மங்களுக்கும் எல்லையாக மாறிப்போனதையும் இந்த வாரம் சொல்வதாகச் சென்ற இதழில் வாக்களித்திருந்தேன். ஆனால் நீக்கப்பட்ட அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் யார், எந்த மனத்தோடு கொண்டுவந்தார் என்பதைச் சொல்லாமல் அது நீங்கிய கதையைச் சொல்வது நியாயமாகாது. ஆகவே வாசகர்கள் என்னோடு சற்றே சேலம் வரை வர வேண்டும்.

முதலமடையை உள்ளிட்ட கொல்லங்கோட்டுப் பக்கம் மலபார் ஜில்லாவைச் சேர்ந்ததென்பதும், மலபார் அன்றைய சென்னை மாகாணத்தின் ஓர் அங்கமென்பதும், கூப்பிடு தூரத்திலிருந்த பாலக்காட்டுச் சித்தூரோ கொச்சி மகாராஜாவின் ஆளுகைக்கு உட்பட்டிருந்ததென்பதும் இத்தொடரைப் படித்து வருவோர் அறிந்தவையே. கொச்சிக்குக் கொல்ல வருஷம் 1077இல், அதாவது 1902இல், இயற்றப்பட்ட அபுகாரி என்னும் மதுத்தீர்வைச் சட்டம் உண்டு. சென்னை மாகாணத்துக்கோ ஆச்சாரியாரின் சட்டம். அந்த ஆச்சாரியாரை, சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரியாரை, மதுவிலக்கு விஷயத்தில் நான் மிக உயர்ந்த இடத்தில் வைத்திருக்கிறேன் என்பதை இப்போதே சொல்லிவிடுவது நலம்.

அவர் குடியைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவரல்லர். சேலத்தில் வக்கீலாக இருந்து, 1917 முதல் சில காலம் அந்நகரசபைக்குத் தலைவராகவும் இருந்து, கைநிறையச் சம்பாதித்த தொழிலைக் காந்தியடிகளின் அழைப்புக்காக உதறிவிட்டு, 1925இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் ஆசிரமம் அமைத்துக் குடியேறியவர். பொட்டல் காட்டில், கதர் நூற்போருக்கும் கடன்பட்ட குடியானவருக்கும் நடுவே வாழ்ந்து, வாரக் கூலி வீடு வந்து சேருமுன்பே கள்ளுக்கடையில் கரைந்துபோவதை நேரில் கண்டவர். கண்டதைச் சொல்வதற்கென்றே 1929இல் 'விமோசனம்' என்று ஒரு மாதப் பத்திரிகை தொடங்கினார். குடியொழிப்பு ஒன்றே அதன் விஷயம். உதவியாசிரியராக அமர்ந்தவர் பின்னாளில் தமிழுலகமே அறிந்த கல்கி கிருஷ்ணமூர்த்தி. பத்தே இதழ்கள்தாம் வந்தன. ஆயினும், ஒரு ராஜீயத் தலைவர் ஒரு தீய பழக்கத்தை ஒழிப்பதற்காக மாதந்தோறும் எழுதி, திருத்தி, அச்சேற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார் என்ற செய்தி எனக்கு இன்றும் வியப்பூட்டுகிறது.

1937 ஜூலையில் மாகாணத்தின் பிரதம மந்திரியானவர், அதே ஆண்டின் 10ஆவது சட்டமாக மதுவிலக்குச் சட்டத்தை நிறைவேற்றி, அக்டோபர் 1ஆம் தேதி, தம் சொந்த ஜில்லாவாகிய சேலத்தில் அதை அமலுக்குக் கொண்டுவந்தார். அன்றைய சேலம் ஜில்லா என்பது இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாவற்றையும் உள்ளடக்கியது. அங்கே கலெக்டராக இருந்த டிக்ஸன் என்னும் ஆங்கிலேயர், தம் நாட்டு வழக்கத்துக்கு முற்றும் மாறான இச்சட்டத்தை மனப்பூர்வமாக நின்று நடத்திக் கொடுத்தார் என்பதையும் நன்றியோடு குறிப்பிட வேண்டும். அடுத்த ஆண்டில் தெலுங்குப் பகுதியின் சித்தூரும் கடப்பையும், 1939இல் வட ஆற்காடும் சேர்ந்தன.

இனி, வருமானத்தின் கதை. மாகாண சர்க்காரின் மொத்த வரவில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு அபுகாரியிலிருந்து வந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடமும் பாலமும் ஆஸ்பத்திரியும் கூலிக்காரனின் கலயத்தை நம்பி நின்றன என்பதே இதன் பொருள். அதை விட்டுவிடத் துணிந்த ஆச்சாரியார், ஈடுகட்டுவதற்காக 1939இல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார்; இந்தியாவில் அவ்வகையில் அதுவே முதலாவது. குடிக்கிற ஏழையிடம் வாங்கியதை, விற்று வாங்கும் வியாபாரம் முழுவதன் மீதும் பரப்பிவிட்ட இந்தக் காரியத்துக்காக வணிகர்கள் அவரை வைதார்கள். அவர் அசையவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பேராசிரியரும் மலையாள தேசத்தவருமான பி.ஜே. தாமஸ் சேலத்துக் குடும்பங்களின் வரவுசெலவை ஆராய்ந்து, கள்ளுக்குப் போன காசு சோற்றுக்கும் துணிக்கும் திரும்பியிருப்பதை எழுதினார்.

மரமேறியின் பிழைப்பு என்னவாயிற்று என்று கேட்பது நியாயமே. மரத்தை விட்டு அவனை இறக்கிவிடவில்லை, சுண்ணாம்பைக் கொடுத்தார்கள். பாளையை நார்கொண்டு வரிந்து கட்டி, நாள்தோறும் தட்டித் தட்டிப் பதப்படுத்தி, நுனியை மெல்லிய சீவலாகச் சீவி, சொட்டும் சாற்றைக் கலயத்தில் பிடிப்பதுவரை இரண்டு தொழிலும் ஒன்றே; கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசியிருந்தால் சாறு புளிக்காமல் பதநீராக நிற்கும், காய்ச்சினால் வெல்லம்; பூசாவிட்டால் சில மணி நேரத்தில் நுரைத்துக் கள்ளாகிவிடும். ஒரே மரம், ஒரே பாளை, ஒரே கை. ஒரு விரற்கடைச் சுண்ணாம்பில் தொழிலாளியும் குற்றவாளியும் பிரிந்தார்கள். இச்சட்டத்தின் கடுமை முழுவதையும் அந்தக் கலயத்தினுள் எட்டிப் பார்த்தால் காணலாம்.

கடுமை என்று சொன்னது பொய்யன்று. விற்பது மட்டுமல்ல, குடிப்பதே குற்றமாயிற்று. தன் காசு, தன் வயிறு, தன் வீட்டுத் திண்ணை. இதில் போலீஸ்காரனுக்கு என்ன வேலை என்ற கேள்வியைக் கேட்டவர்கள் எல்லோரும் குடிகாரர்கள் அல்லர். அந்தப் பக்கத்து வாதத்துக்குத் தமிழ்நாட்டில் கிடைத்த மாபெரும் வழக்கறிஞர் ஈ.வெ.ரா. பெரியார். 1921இல் கள்ளுக்கடை மறியல் நாட்களில், கள்ளுக்குப் பயன்படக்கூடாதென்று சேலம் தாதம்பட்டியிலிருந்த தம் தோப்பின் தென்னைகளை, நூற்றுக்கணக்கில், வெட்டிச் சாய்த்தவர் அவர். அவரே பிற்காலத்தில் கட்டாய மதுவிலக்கை எதிர்த்து ஓயாமல் எழுதினார், பேசினார். தன் மரத்தைத் தானே வெட்டுகிறவன் செய்வது தியாகம்; பிறன் வாயைச் சட்டத்தால் பூட்டுவது வேறு காரியம். இந்த வேறுபாட்டை முன்வைத்து அவரைப் புரிந்துகொண்டால் அவரிடம் முரண்பாடு இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆச்சாரியாரிடம்தான் முரண்பாடு என்பார்கள். 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, லைசென்ஸ், பெர்மிட், கோட்டா என்று சர்க்கார் மக்களின் தொழிலிலெல்லாம் தலையிடுவதை எதிர்த்து முழங்கியவர், குடியில் மட்டும் சர்க்காரின் கையை விடாமல் பிடித்துக்கொண்டாரே என்று கேட்பார்கள். அக்கட்சியிலேயே மினூ மஸானி போன்றவர்கள் மதுவிலக்கை ஏற்காதவர்கள். எனக்கோ அவருடைய வாழ்க்கை முழுவதும் ஒரே நூலில் கோத்ததாகவே தெரிகிறது. கள்ளுக்கடை இருந்த காலத்தில் குடியானவன் சர்க்காரின் தலையீடு இல்லாமல் குடித்தான் என்று சொல்வது சரித்திரத்தை அறியாதவர் பேச்சு. மரத்துக்கு மரவரி விதித்தது சர்க்கார். கடையை ஏலம் விட்டது சர்க்கார். ஏலம் எடுத்தவன் போட்ட முதலை மீட்க எத்தனை குடும்பம் குடிக்க வேண்டுமோ அத்தனையையும் குடிக்க வைப்பதற்குக் காவல் நின்றதும் சர்க்காரே. அந்த வியாபாரத்திலிருந்து அரசாங்கத்தை வெளியேற்ற நினைத்தவரைத் தனிமனித சுதந்திரத்தின் பகைவர் என்பதை நான் ஒப்பமாட்டேன். வெளியேற்றப்போய் சிறைக்கதவையும் சேர்த்துத் திறந்தார் என்பது அவர்மீது நியாயமாகச் சொல்லக்கூடிய குறை. உடல்நலம் காட்டிப் பெர்மிட் வாங்க முடிந்தவன் வீட்டில் குடிக்க, வாங்க வழியற்றவன் லாக்கப்பில் கிடந்தான். இந்த அநீதி அவர் கண்ணுக்குத் தப்பியிருக்கக் கூடாது.

யுத்த காலத்தில் நிறுத்தப்பட்ட சட்டம் 1946இல் மீண்டு, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் ஆட்சியில், 1948 அக்டோபர் 2ஆம் தேதி, மாகாணம் முழுவதையும் தழுவியது. முதலமடைத் தென்னைகளும் அதற்குள் அடங்கின. 1956இல் மலபார் கேரளத்தோடு சேர்ந்தபோது பாஷை மாறியது, தலைநகர் மாறியது. ஆச்சாரியாரின் சட்டம் மட்டும் மாறாமல் மலபாரோடு கூடவே போயிற்று. 1971இல் தமிழ்நாட்டிலும் மதுவிலக்கைத் தளர்த்த கருணாநிதி தீர்மானித்தபோது, தொண்ணூறு வயதைக் கடந்த அந்த முதியவர் கொட்டும் மழையில் அவர் வீட்டுக்கே சென்று, வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கடைகள் திறந்தன.

இன்று நிலைமை தலைகீழ். தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் கள் இறக்குவது குற்றம். 2003 முதல் சீமைச் சாராயத்தைச் சர்க்காரே கடை வைத்துச் சில்லறையாக விற்கிறது. தென்னையிலிருந்து இறங்குவது குற்றமாகவும், ஆலையிலிருந்து வருவது கஜானாவின் ஆதாரமாகவும் இருக்கும் ஒரு தேசத்தில், பொள்ளாச்சித் தோட்டக்காரர் கோவிந்தாபுரத்தைத் தாண்டிக் கேரளத்துக் கள்ளு ஷாப்புக்குப் போய் வருவதை ஒழுக்கக்கேடு என்று கண்டிக்க எனக்கு நா எழவில்லை. 2020 அக்டோபரில் வாளையாறுக்கு அருகே செல்லங்காவு ஆதிவாசிக் குடியிருப்பில் விஷச் சாராயம் குடித்து ஐந்து பேர் மாண்டதை நினைக்கும்போது, எல்லாத் தடையையும் எடுத்துவிடுங்கள் என்று சொல்லவும் மனம் வரவில்லை. சர்க்கார் முதலில் தன் கல்லாவை மூடட்டும். அதன்பிறகு குடிமகனின் கலயத்தைச் சோதிக்கட்டும் என்பதே என் அபிப்பிராயம்.

1967இல் மலபாரின் மதுவிலக்கு நீங்கிய இடத்தில் வந்து அமர்ந்தது புதிய சட்டம் அன்று. கொச்சி மகாராஜாவின் அந்த 1902ஆம் ஆண்டு அபுகாரிச் சட்டமே கேரளம் முழுமைக்கும் நீட்டப்பட்டது. முதலமடைக் கள்ளு ஷாப்பு இன்றும் நடப்பது அதன்படிதான். அது நீட்டப்பட்ட விதத்தையும், கோவிந்தாபுரத்தின் இருபுறமும் அந்த ஆண்டில் விளைந்தவற்றையும் அடுத்த இதழில் எழுதுகிறேன்.

(தொடரும்)