லாரிப் பட்டறைகளில் உயிர்க்காவல்

லாரிப் பழுதுபார்ப்பு திருப்பூர்ப் பகுதியில் பின்னலாடைத் தொழிலோடு சேர்ந்தே வளர்ந்தது. பல்லடம் சாலையில் உள்ள அருள்புரம் போன்ற ஊர்களுக்கு நூல் மூட்டையும் சாயப்பட்டறைக் கொதிகலனுக்கு விறகும் லாரியில் வந்தன. ஏற்றுமதிச் சரக்கு லாரியில்தான் தூத்துக்குடித் துறைமுகம் போனது. 1950களில் இந்தியாவிலேயே தயாராகத் தொடங்கிய டாடா, அசோக் லேலண்ட் வண்டிகளைச் சாலையோரப் பட்டறைகளே பராமரித்தன. ஒரு மேஸ்திரி, இரண்டு மூன்று பையன்கள், தகரக் கூரை என்ற அளவில் இருந்த அந்தப் பட்டறைகளில், தொழிலைப் போலவே பாதுகாப்பும் பார்த்துப் பழகியதுதான்.

அக்காலச் சக்கரங்களில் பெரிய ஆபத்து லாக் ரிங். டியூப் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடாமல் பிடித்து நிறுத்தும் எஃகு வளையம் அது. துருவேறியோ வளைந்தோ காடியில் முழுதாக உட்காராமலோ இருந்தால், காற்று ஏற ஏறப் பிடி விட்டுத் தெறிக்கும். குனிந்து காற்றடிப்பவரின் தலையும் நெஞ்சும் அதற்கு நேர் எதிரே இருக்கும். வளையப் பக்கத்தைத் தரையில் கவிழ்ப்பது, சக்கர ஓட்டைகளில் கடப்பாரையைக் குறுக்கே செருகுவது, சங்கிலி சுற்றுவது என்று பட்டறைக்காரர்களே சில தற்காப்புகளைக் கண்டார்கள். இவை ஆபத்தைக் குறைத்தனவே தவிர நீக்கவில்லை.

அமெரிக்காவில் 1980இல் இதற்கென்றே விதி வந்தது. எஃகுக் கூண்டு போன்ற தடுப்புக்குள் வைத்துத்தான் காற்றடிக்க வேண்டும். ஆள் தள்ளி நிற்கும் அளவுக்குக் குழாய் நீளம் வேண்டும். கழற்றுமுன் வால்வு பின்னை எடுத்து முழுக் காற்றையும் இறக்க வேண்டும். 1984இல் லாக் ரிங் இல்லாத ஒற்றைத் துண்டு ரிம்களுக்கும் இந்த விதி நீட்டிக்கப்பட்டது. டியூப்லெஸ் ரேடியல் டயர்கள் லாக் ரிங்கை ஒதுக்கினாலும் கூண்டின் தேவை போகவில்லை. காற்றில்லாமல் ஓடிக் கம்பி நைந்த ரேடியல் டயர், மறுபடி காற்றடிக்கும்போது பக்கச்சுவர் கிழிந்து வெடிக்கும்.

வண்டிக்கு அடியில் படுத்துச் செய்யும் வேலைக்குக் காவல் இன்னும் எளிது. ஹைட்ராலிக் ஜாக்கியின் சீல் கசிந்தால் பல டன் எடை கீழே இறங்கும். அச்சுக்குக் கீழே ஸ்டாண்டு நிறுத்தினால் ஆள் பிழைப்பார். வண்டி உருளாமல் சக்கரத்துக்குக் கட்டை போடுவதும் அப்படிப்பட்ட காவலே. டிப்பரின் தொட்டியைத் தூக்கி வைத்து வேலை செய்யும்போது முட்டுக் கொடுப்பதும் ஹைட்ராலிக் பிடி விட்டால் தொட்டி ஆள்மேல் இறங்காமல் இருக்கத்தான்.

இந்தியாவில் இந்தக் காவல்களைக் கட்டாயமாக்க வேண்டிய சட்டமோ ஆட்களை எண்ணிப் பார்த்தது. பழுதுபார்ப்பும் உற்பத்தி வேலையே என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் ஏற்றது; ஆனால் மின்சக்தியோடு இயங்கும் இடத்தில் 10 பேராவது வேலை செய்தால்தான் அது தொழிற்சாலையாகக் கொள்ளப்பட்டது. மாநில அரசு விரும்பினால் சிறிய இடங்களுக்கும் நீட்டிக்கலாம் என்று 85ஆம் பிரிவு சொன்னது. 2020இல் இயற்றப்பட்ட புதிய தொழில்பாதுகாப்புத் தொகுப்போ அந்த 10ஐ 20 ஆக்கியது. மூன்று நான்கு பேர் வேலை செய்யும் பட்டறை இரண்டு கணக்கிலும் வெளியேதான். சட்டம் எட்டாத இடத்தில் காவலைக் கேட்கக்கூடியவர் வேலை கொடுப்பவரே. ஆகவே, கூண்டும் ஸ்டாண்டும் இல்லாத பட்டறையில் லாரி உரிமையாளர்கள் வண்டியை விடக் கூடாது.