ஏணிக்கு முகடு, மாட்டுக்கு இடைநிலை

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

சராசரி, இடைநிலை அளவு, முகடு. நடுநிலைப் பள்ளியில் கணக்கு நடத்திய காலத்தில் இந்த மூன்றையும் ஒரே வாரத்தில் முடித்துவிடுவோம். பிள்ளைகளும் சூத்திரத்தை ஒப்பித்து மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். "ஒண்ணு போதாதா சார், எதுக்கு மூணு?" என்று வகுப்புக்கு ஒருவனாவது கேட்பான். அவனுக்குச் சூத்திரத்தை விட வரலாறுதான் நல்ல பதில். ஓய்வுக்குப் பிறகு படித்ததில் இரண்டு கதைகளை இங்கே எழுதுகிறேன்.

முதல் கதை கிரேக்கத்தில், கி.மு. 428ஆம் ஆண்டுக் குளிர்காலம். பிளாட்டியா என்ற சிறிய நகரத்தை ஸ்பார்ட்டா படையும் அதன் கூட்டாளிகளும் சுற்றிச் சுவர் எழுப்பி முற்றுகையிட்டிருந்தார்கள். உள்ளே உணவு தீர்ந்துகொண்டிருந்தது. ஏதென்ஸிலிருந்து உதவி வரும் என்ற நம்பிக்கையும் போய்விட்டது. எதிரியின் சுவரை ஏறிக் கடந்து தப்புவது என்று முடிவு செய்தார்கள். பயந்து பாதிப் பேர் பின்வாங்க, சுமார் 220 பேர் துணிந்து நின்றார்கள்.

ஏறுவதற்கு ஏணி வேண்டும். சுவரின் உயரம் தெரியாமல் ஏணி செய்வது எப்படி? கிட்டே போய் அளக்க முடியாது, போனால் அம்பு வரும். நகரத்தைப் பார்த்த பக்கத்தில் ஓரிடத்தில் சுவர் பூசாமல் செங்கல் வரிசை தெரிந்தது. அந்த வரிசைகளை எண்ணினார்கள். ஒருவர் அல்ல, பலர். ஒருமுறை அல்ல, பலமுறை. சிலர் தவறாக எண்ணினாலும் பெரும்பாலோர் சரியாகத்தான் எண்ணுவார்கள் என்பது அவர்கள் கணக்கு. அப்படிக் கிடைத்த எண்ணிக்கையோடு ஒரு செங்கல்லின் கனத்தைச் சேர்த்துக் கணக்கிட்டு ஏணியின் நீளத்தை முடிவு செய்தார்கள். இதை எழுதி வைத்தவர் துசிடிடிஸ் என்ற வரலாற்றாசிரியர்.

முகடு என்று நாம் சொல்வது இதைத்தான். ஏன் சராசரி எடுக்கவில்லை என்று யோசித்துப் பாருங்கள். செங்கல் வரிசை முழு எண். பத்துப் பேரில் ஏழு பேர் சரியாக எண்ணி, மூன்று பேர் இடையில் நாலைந்து வரிசையை விட்டுவிட்டால், சராசரி ஒரு வரிசைக்கு மேல் குறைந்துவிடும். ஏணி எட்டாது. சரியான விடை கூட்டத்துக்குள் ஏற்கெனவே இருக்கிறது, அதைத் தேடி எடுத்தால் போதும் என்கிற இடத்தில் முகடுதான் ஆயுதம்.

மழையும் காற்றுமாக, நிலவில்லாத ஓர் இரவில் ஏறினார்கள். ஏணி சரியாக இருந்தது. 212 பேர் ஏதென்ஸ் போய்ச் சேர்ந்தார்கள். நகரத்திலேயே தங்கியவர்கள் அடுத்த ஆண்டு சரணடைந்தார்கள். அவர்களில் 200 பிளாட்டியர்களுக்குக் குறையாமல் கொல்லப்பட்டார்கள். பெண்கள் அடிமைகளாக விற்கப்பட்டார்கள்.

இரண்டாவது கதை இங்கிலாந்தில், 1906இல் பிளிமத் நகரில் நடந்த கால்நடைக் கண்காட்சி. ஒரு கொழுத்த எருதை நிறுத்தி, அறுத்துச் சுத்தம் செய்தபின் எத்தனை பவுண்டு இருக்கும் என்று ஊகிக்கச் சொன்னார்கள். ஒரு சீட்டு ஆறு பென்னி. கசாப்புக்காரர், விவசாயி, ஒன்றும் தெரியாமல் அதிர்ஷ்டத்தை நம்பியவர் என்று சுமார் 800 பேர் எழுதிப் போட்டார்கள். அந்தச் சீட்டுகளைக் கேட்டு வாங்கியவர் பிரான்சிஸ் கால்டன், வயது 84. மனிதரில் உயர்ந்தவர் தாழ்ந்தவர் என்று பிரித்து இனப்பெருக்கத்தை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று வாதாடியவரும் இதே மனிதர்தான். அந்தக் கொள்கையில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. ஆனால் பாமர மக்களின் தீர்ப்பு எவ்வளவு நம்பத்தக்கது என்று சோதிக்கப் போனவர், கிடைத்த விடையை மறைக்காமல் வெளியிட்டார். அந்த நேர்மையைச் சொல்லத்தான் வேண்டும்.

சரியில்லாத 13 சீட்டுகளை நீக்கி, 787ஐ ஏறுவரிசையில் அடுக்கினார். நடுச் சீட்டில் 1207 பவுண்டு. உண்மையான எடை 1198. வித்தியாசம் 9 பவுண்டுதான், நூற்றுக்கு ஒன்று கூட இல்லை. 1907 மார்ச்சில் 'நேச்சர்' இதழில் இதை எழுதினார்.

கூட்டி வகுக்காமல் நடுச் சீட்டை ஏன் எடுத்தார்? அதற்கு ஒரு வாரம் முன்பு அதே இதழில் காரணம் சொல்லியிருந்தார். ஒரு குழு இவ்வளவு தொகை ஒதுக்கலாம் என்று முடிவு செய்யும்போது சராசரி எடுத்தால், யார் அதிகமாக உளறுகிறாரோ அவருக்கே அதிக பலம் கிடைக்கும் என்றார். போட்டுப் பாருங்கள். ஐந்து பேர் கொண்ட குழுவில் நால்வர் 1 லட்சம், 1.2 லட்சம், 1.5 லட்சம், 1.6 லட்சம் என்கிறார்கள். ஐந்தாமவர் 20 லட்சம் என்கிறார். சராசரி 5.06 லட்சம்! நால்வரில் ஒருவர் கூடக் கேட்காத தொகை. இடைநிலை அளவு 1.5 லட்சம். ஐந்தாமவர் 20 கோடி என்று கத்தினாலும் அது அசையாது. ஆளுக்கு ஒரு ஓட்டு, ஓட்டுக்கு ஒரே மதிப்பு.

கதை அதோடு முடியவில்லை. ஹூக்கர் என்ற வாசகர், சராசரி என்னவாக இருந்தது என்று கேட்டு எழுதினார். கால்டன் கூட்டி வகுத்துச் சொன்ன பதில் 1197. ஒரே ஒரு பவுண்டு வித்தியாசம்! அவர் ஒதுக்கி வைத்த சராசரிதான் எருதின் எடைக்கு அதிகம் நெருங்கி வந்திருந்தது.

ஏன் அப்படி? அவருடைய அட்டவணையிலேயே விடை இருக்கிறது. வரிசையின் கால் பங்கில் நின்ற சீட்டு 1162, முக்கால் பங்கில் நின்றது 1236. நடுவிலிருந்து கீழே 45 பவுண்டு, மேலே 29 மட்டும். குறைத்து எழுதியவர்கள் அதிகமாகவே குறைத்திருக்கிறார்கள். அவர்கள் சராசரியைக் கீழே இழுத்துவிட்டார்கள். நடுச் சீட்டு 9 பவுண்டு கூடுதலாக இருந்ததால், அந்த இழுப்பு உண்மையான எடைக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய்விட்டது.