செய்வதா? வாங்குவதா? - இந்திய ராணுவ டாங்கிகளின் கதை

காஸ்ட் அக்கவுண்டிங் பாடத்தில் 'மேக் ஆர் பை' என்று ஒரு கணக்கு வரும். ஒரு உதிரி பாகத்தை நாமே செய்வதா, இல்லை வெளியில் வாங்குவதா? மாறும் செலவை ஒரு பக்கம், நிலையான செலவை ஒரு பக்கம் எழுதி, கடைசியில் ஒரு வரியில் விடை போட்டால் மார்க் கிடைத்துவிடும். இதே கணக்கை டாங்கி விஷயத்தில் நம் அரசாங்கம் 1961 முதல் போட்டுக்கொண்டே இருக்கிறது. அறுபது வருடத்துக்கு மேலாகியும் விடை எழுதி முடித்தபாடில்லை. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள் நண்பர்களே :-)

முதலில் ஒரு சின்ன விஷயம். நம் ஊர் செய்தித்தாள்களில் டாங்கியைப் 'பீரங்கி' என்றே எழுதிவிடுகிறார்கள். பீரங்கி என்பது டாங்கியின் மேல் இருக்கும் குழாய். டாங்கி என்பது அந்தப் பீரங்கி, அதைச் சுற்றும் கோபுரம், கவசம், சங்கிலிப் பட்டை, இன்ஜின், உள்ளே உட்கார்ந்திருக்கும் மூன்று நான்கு பேர் எல்லாம் சேர்ந்தது. நம் கதையில் மானத்தை வாங்கியது பெரும்பாலும் இன்ஜின்தான்.

சுதந்திரம் வந்தபோது நம்மிடம் இருந்தவை பிரிட்டிஷ்காரர்கள் விட்டுப்போன ஷெர்மன், ஸ்டூவர்ட் போன்ற இரண்டாம் உலகப்போர் காலத்து அமெரிக்க டாங்கிகள். பழசுதான். ஆனால் அந்தப் பழைய ஸ்டூவர்ட்டை வைத்து 1948 நவம்பர் 1ஆம் தேதி செய்த காரியம் இருக்கிறதே! காஷ்மீரில் ஸோஜி லா கணவாய், சுமார் 11,500 அடி உயரம். மேலே எதிரிகள் பதுங்கியிருந்து லடாக் போகும் வழியை அடைத்துக்கொண்டிருந்தார்கள். செப்டம்பரில் காலாட்படை மட்டும் போய் மோதிப்பார்த்துத் தோற்றுத் திரும்பியிருந்தது. ஜெனரல் திம்மய்யா டாங்கிகளைக் கொண்டுவர முடிவு செய்தார். 7வது லைட் கேவல்ரியின் ஸ்டூவர்ட்கள் கோபுரத்தைக் கழற்றிவிட்டு, வேறு ஏதோ வண்டிகள் போல ரகசியமாகக் கொண்டுவரப்பட்டன. பால்டால் என்ற இடத்திலிருந்து கணவாய்க்குக் கோவேறு கழுதைப் பாதை மட்டும்தான் இருந்தது. அதை டாங்கி ஏறும் அளவுக்கு அகலப்படுத்தியது யார் தெரியுமா? மெட்ராஸ் சாப்பர்ஸ்! பனியிலும் குளிரிலும் நின்று பாறை உடைத்தவர்களில் நம்மூர்க்காரர்கள் நிறைய. பனி கொட்டும் நாளில் டாங்கிகள் மேலே ஏறி வருவதைப் பார்த்த எதிரிகளுக்கு எப்படி இருந்திருக்கும்? கணவாய் அன்றே கைக்கு வந்தது. அவ்வளவு உயரத்தில் டாங்கிச் சண்டை அதற்கு முன் நடந்ததில்லை என்கிறார்கள்.

1950களில் பிரிட்டனின் செஞ்சூரியனையும் பிரான்ஸின் ஏஎம்எக்ஸ்-13 என்ற லேசான டாங்கியையும் வாங்கினோம். இந்த ஏஎம்எக்ஸ்-13இல் சிலவற்றை 1962 சீனப் போரின்போது ஆன்டோனோவ் விமானத்தில் ஏற்றி சுஷூலில் இறக்கினார்கள். அதுவும் ஒரு சாதனைதான்.

அடுத்து 1965. எல்லோருக்கும் தெரிந்த அசல் உத்தர் சண்டை. பாகிஸ்தானிடம் அப்போது இருந்தது அமெரிக்கா கொடுத்த புத்தம்புதிய பேட்டன். நம்மிடம் செஞ்சூரியன்கள், ஷெர்மன்கள், மெல்லிய ஏஎம்எக்ஸ்-13கள். காகிதத்தில் கணக்குப் போட்டால் பேட்டன்தான் ஜெயித்திருக்க வேண்டும். பஞ்சாபில் கேம்கரணைத் தாண்டி வந்த பாகிஸ்தானின் முதலாவது கவசப் படைப்பிரிவை, நம்மவர்கள் குதிரை லாடம் போல மூன்று பக்கமும் வளைந்து நின்று கரும்புத் தோட்டத்துக்குள் காத்திருந்தார்கள். வயல்களில் வாய்க்கால் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தார்கள். சேற்றில் சிக்கிய பேட்டன்களைச் சுட்டுத் தள்ளினார்கள். செப்டம்பர் 8 முதல் 10 வரை நடந்த அந்தச் சண்டையில் பாகிஸ்தான் இழந்த டாங்கிகள் சுமார் 97. ஜீப்பின் மேல் வைத்த 106 மி.மீ. பின்னுதைப்பில்லாத் துப்பாக்கியால் பேட்டன்களை ஒவ்வொன்றாக அடித்து, கடைசியில் உயிரைவிட்ட ஹவில்தார் அப்துல் ஹமீதுக்குப் பரம்வீர் சக்ரா கிடைத்தது. 'அசல் உத்தர்' என்பது ஊர்ப் பெயர். இந்தியில் 'சரியான பதில்' என்றும் பொருள் வரும். யார் அந்த ஊருக்குப் பெயர் வைத்தார்களோ!

அதே போரில் சியால்கோட் பக்கம் நடந்த பெரிய டாங்கிச் சண்டைகளில் 16வது லைட் கேவல்ரியும் இருந்தது. 1776இல் தொடங்கிய, நம் ராணுவத்தின் மிகப் பழைய கவசப் படை அது. பழைய மதராஸ் குதிரைப்படை வழி வந்தது, தென்னிந்தியர்கள் சேரும் ரெஜிமெண்ட். குதிரையில் ஆரம்பித்து செஞ்சூரியனுக்கு வந்து சேர்ந்தவர்கள்.

இந்தப் போர் ஒரு கசப்பான பாடமும் சொன்னது. போர் தொடங்கியதும் அமெரிக்காவும் பிரிட்டனும் இரண்டு நாடுகளுக்கும் ஆயுதம் தருவதை நிறுத்திவிட்டன. வாங்கியவனுக்கு உதிரி பாகம் கூட வராது என்றால் அந்த டாங்கி எத்தனை நாள் ஓடும்? நல்லவேளையாக அந்தக் கேள்வியை நாம் கொஞ்சம் முன்னாடியே யோசித்திருந்தோம். 1961இலேயே பிரிட்டனின் விக்கர்ஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு, சென்னைக்குப் பக்கத்தில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையைக் கட்டத் தொடங்கிவிட்டார்கள். 1965 டிசம்பரில், போர் முடிந்து மூன்று மாதத்தில், அங்கிருந்து முதல் 'விஜயந்தா' வெளியே வந்தது.

விஜயந்தாவைப் பற்றிப் படிக்கும்போது எனக்குள் இருக்கும் காமர்ஸ் மாணவன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். ஏனென்றால் அது செலவைக் குறைத்து வடிவமைத்த டாங்கி. நேட்டோ நாடுகள் வைத்திருந்த அதே 105 மி.மீ. எல்7 பீரங்கி, ஆனால் மெல்லிய கவசம், எடை 40 டன்னுக்குள். தூரம் கணக்கிட விலை உயர்ந்த கருவிக்குப் பதிலாக ஒரு கனரக இயந்திரத் துப்பாக்கி. முதலில் அதைச் சுட்டு, குண்டு எங்கே விழுகிறது என்று பார்த்து, அதே குறியில் பீரங்கியைச் சுட வேண்டும். மலிவான, ஆனால் புத்திசாலித்தனமான வழி! பிரச்சினை கொடுத்தது லேலண்ட் எல்60 இன்ஜின். பிரிட்டனின் சீஃப்டன் டாங்கியில் பெயரைக் கெடுத்துக்கொண்ட அதே இன்ஜின் இங்கேயும் வந்து படுத்தியது. இருந்தாலும் 1980கள் வரை 2,000க்கும் மேற்பட்ட விஜயந்தாக்கள் ஆவடியில் உருவாயின. ஒரு தலைமுறை தமிழ்நாட்டு வெல்டர்களும் ஃபிட்டர்களும் டாங்கி செய்யக் கற்றுக்கொண்டது அதில்தான். இந்தக் கற்றலை எந்த பேலன்ஸ் ஷீட்டில் காட்டுவது என்று எனக்கு யாராவது சொன்னால் தேவலை.

1971 போரில் செஞ்சூரியன்கள்தான் மறுபடி ஹீரோ. பசந்தர் ஆற்றங்கரையில் 21 வயது அருண் கேத்ரபால், எரிகிற டாங்கியை விட்டு இறங்கச் சொல்லி உத்தரவு வந்தும் இறங்காமல் சண்டை போட்டு இறந்தார். என் வகுப்பில் பாதிப் பேருக்கு அந்த வயதுதான். அதை எழுதும்போது கை கொஞ்சம் நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு சோவியத் காலம். டி-55 1971 போருக்கு முன்பே வந்துவிட்டிருந்தது, 1970களின் கடைசியில் டி-72 வந்தது. 'அஜேயா' என்று பெயர் வைத்து ஆவடியிலேயே தயாரித்தோம். வீரர்களை ஏற்றிச் செல்லும் பிஎம்பி-2 கவச வண்டி 'சாரத்' என்ற பெயரில் மேடக்கில் தயாரானது. பெயர்கள் எல்லாம் நம்முடையவை, வரைபடம் அவர்களுடையது.

இதற்கு நடுவில்தான் அர்ஜுன். 1974இல் சொந்தமாக ஒரு டாங்கி வடிவமைக்க 15.5 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். பொறுப்பு ஆவடியில் உள்ள போர் வாகன ஆராய்ச்சி நிறுவனத்துக்கு. 1995இல் அந்தத் திட்டக் கணக்கை மூடும்போது செலவு 305 கோடியைத் தாண்டியிருந்தது. ராணுவம் இடையிடையே தேவைகளை மாற்றியது, இன்ஜின் கடைசியில் ஜெர்மனியிலிருந்து வந்தது, எடை 58 டன்னைத் தாண்டியது. படையில் சேர்ந்தது 2004இல். முப்பது வருடம்! தாமதத்தைப் பார்த்து ராணுவம் 2001இல் ரஷ்யாவிடம் 310 டி-90 வாங்கிவிட்டது. உரிமம் வாங்கி நாமே செய்தால் சீக்கிரம் வந்துவிடும் என்றார்கள். ஆவடியில் தயாரான முதல் டி-90கள் வெளியே வந்தது 2009இல்தான். வாங்குவதும் அப்படியொன்றும் வேகமான வழியாக இருக்கவில்லை.

2010இல் ராஜஸ்தான் பாலைவனத்தில் அர்ஜுனையும் டி-90ஐயும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டுச் சோதித்தார்கள். அர்ஜுன் நன்றாகவே செய்தது என்று செய்திகள் வந்தன. அதன்பின் கிடைத்த ஆர்டர் இன்னொரு 124. முன்பு 124, பின்பு 124, மொத்தம் 248. இங்கேதான் என் வயிறு எரிகிறது. இத்தனை நிலையான செலவை 248 யூனிட்டில் பிரித்தால் ஒரு யூனிட்டின் விலை எங்கே போய் நிற்கும்? விலை அதிகம் என்று குறைவாக வாங்குகிறார்கள், குறைவாக வாங்குவதால் விலை அதிகமாகிறது. 2021 செப்டம்பரில் 118 அர்ஜுன் மார்க்-1ஏ டாங்கிகளுக்கு 7,523 கோடிக்கு ஆர்டர் கொடுத்தார்கள். வகுத்துப் பாருங்கள், ஒன்று சுமார் 64 கோடி. எடையும் 68 டன் ஆகிவிட்டது. பஞ்சாபின் பாலங்கள் இவ்வளவு எடையைத் தாங்குமா என்று கேட்பவர்களின் கேள்வியில் நியாயம் இருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் டாங்கிக்கு உள்ளே இருப்பவன் பக்கமிருந்து பார்த்தால், கவசம் அதிகமாக இருப்பதில் அவனுக்கு ஒரு குறையும் இருக்காது.

இன்ஜின் விஷயத்துக்கு மெதுவாக ஒரு வழி பிறந்திருக்கிறது. 2024 மார்ச்சில் மைசூரில் உள்ள பெமல் தொழிற்சாலையில் 1,500 குதிரைத்திறன் கொண்ட உள்நாட்டு டாங்கி இன்ஜினை முதன்முறையாக ஓட்டிப் பார்த்தார்கள். அர்ஜுன் திட்டம் தொடங்கி சரியாக ஐம்பது வருடம் கழித்து.

2020இல் லடாக்கில் சீனாவோடு மோதல் வந்தபோது டி-72களையும் டி-90களையும் மலை மேல் ஏற்றினோம். ஏற்றிய பிறகுதான் அந்த உயரத்துக்கு லேசான டாங்கி வேண்டும் என்ற பேச்சு சூடுபிடித்தது. ஸ்டூவர்ட்டும் ஏஎம்எக்ஸ்-13ம் செய்துகாட்டிய வேலைதான்! 'ஜோராவர்' என்ற 25 டன் டாங்கியை ஆவடி ஆராய்ச்சி நிறுவனமும் எல் அண்ட் டி நிறுவனமும் சேர்ந்து உருவாக்கின. 2024 ஜூலையில் மாதிரி வெளியானது, அதே டிசம்பரில் 4,200 மீட்டருக்கு மேலே சுட்டுப் பார்த்தார்கள். மலைப் போர்களுக்குப் பெயர்போன டோக்ரா தளபதி ஜோராவர் சிங்கின் பெயர் அது. அந்த மாதிரி டாங்கியின் கோபுரமும் பீரங்கியும் பெல்ஜியத்தின் ஜான் காக்கரில் கொடுத்தது. இன்ஜின்? அமெரிக்காவின் கம்மின்ஸ்.