ஆபிரகாம் கைப்பர்: வேதமும் அரசும் விஞ்ஞானமும்

மார்க்கம் வீட்டுக்குள் இருக்கட்டும்; அரசும் கல்வியும் விஞ்ஞானமும் அதன் நிழல் படாமல் நடக்கட்டும் என்னும் கொள்கை ஐரோப்பாவில் வேரூன்றிய காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டு. பிரெஞ்சுப் புரட்சி விதைத்த அக்கொள்கையைப் பழைமைப் பற்றுடைய கிறிஸ்தவர்கள் எவ்வாறு எதிர்கொண்டார்கள் என்பதை நாம் அறிந்துகொள்வது பயனற்றதன்று. சிலர் உலக விவகாரங்களைக் கைவிட்டுத் தேவாலயத்துக்குள் ஒடுங்கினர். சிலர் மன்னரின் துணையோடு பழைய நாள்களை மீட்கக் கனவு கண்டனர். இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது வழியொன்றைத் தேடியவர் ஹாலந்து நாட்டின் ஆபிரகாம் கைப்பர் (1837–1920). போதகர், பத்திரிகை ஆசிரியர், பல்கலைக்கழக நிறுவனர், கட்சித் தலைவர், பிரதம மந்திரி ஆகிய அத்தனையுமாக அவர் ஒருவரே விளங்கினார்.

நாகப்பட்டினத்திலும் பழவேற்காட்டிலும் கோட்டை கட்டிய வணிகராகவே டச்சுக்காரரை நம் முன்னோர் அறிந்திருந்தனர். அவர்கள் நாட்டின் சமய வாழ்வு நம் பார்வைக்கு எட்டாமலே போயிற்று.

கைப்பர் ஒரு போதகரின் மகன். லைடன் பல்கலைக்கழகத்தில் இறையியல் பயின்று 1862-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அற்புதங்களையும் மறு உயிர்ப்பையும் ஐயுறும் புதுமை இறையியல் அங்கே கோலோச்சிய காலம் அது. இளைஞர் கைப்பரும் அதில் மயங்கினார். 1863-இல் பேஸ்ட் என்னும் சிற்றூருக்குப் போதகராகச் சென்றபோது, பீட்யே பால்டுஸ் என்னும் மாவு ஆலைக்காரரின் மகள் அவருடைய பிரசங்கத்தைக் கேட்க வர மறுத்தார். முன்னோரின் நம்பிக்கையைக் கைவிட்ட போதகருக்குக் கை கொடுக்கவும் தயங்கினார். கைப்பர் சினங்கொள்ளவில்லை. மீண்டும் மீண்டும் சென்று அப்பெண்ணின் சொற்களைச் செவிமடுத்தார். பல்கலைக்கழகம் கலைத்த ஈமானை ஒரு கிராமத்துப் பெண் மீட்டுக் கொடுத்தார் எனலாம். இதனை அவரே பிற்காலத்தில் நன்றியுடன் எழுதியிருக்கிறார்.

அந்நாளில் ஹாலந்தின் பொதுப் பள்ளிகளில் எந்தச் சபையின் போதனைக்கும் இடமில்லை. பிள்ளைகள் வேதம் பயில வேண்டுமென்று விரும்பிய பெற்றோர் தம் செலவில் தனிப் பள்ளி நடத்தலாம்; ஆனால் அரசுப் பள்ளிக்கான வரியையும் செலுத்தியாக வேண்டும். 1878-இல் வந்த புதிய சட்டம் பள்ளிக் கட்டடத்துக்கும் ஆசிரியர்க்கும் உயர்ந்த தரங்களை விதித்தது. பொதுப் பள்ளிகளுக்கு மட்டும் கருவூலம் கை கொடுத்தது. ஏழைகளின் வேதப் பள்ளிகள் மூடப்படும் நிலை வந்தது. கையெழுத்திட வேண்டாமென்று மன்னர் மூன்றாம் வில்லியத்துக்கு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பம் அனுப்பினர். அவர்களில் பெரும்பாலோர் வாக்குரிமை இல்லாத எளிய மக்கள். மன்னர் கையெழுத்திட்டுவிட்டார்.

கைப்பர் சோர்ந்துவிடவில்லை. 1872 முதல் ‘டி ஸ்டாண்டார்ட்’ என்னும் நாளிதழை நடத்தி வந்த அவர், 1879-இல் புரட்சி எதிர்ப்புக் கட்சியை நிறுவினார். ஹாலந்தில் முறையான அமைப்போடு தோன்றிய முதற்கட்சி அதுவே. அடுத்த ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் ஆம்ஸ்டர்டாமில் சுதந்திரப் பல்கலைக்கழகத்தைத் திறந்து வைத்தார். அரசிடமிருந்தும் திருச்சபையிடமிருந்தும் விடுதலை பெற்றது என்பதே அப்பெயரின் பொருள்.

திறப்பு நாளில் அவர் ஆற்றிய உரையில் அவருடைய அரசியல் கொள்கை முழுவதும் அடங்கியிருந்தது. முழு அதிகாரம் இறைவன் ஒருவனுக்கே உரியது. அவ்வதிகாரத்தை அவன் எந்த மனிதனிடமும் எந்த நிறுவனத்திடமும் முழுவதுமாக ஒப்படைக்கவில்லை. குடும்பம், பள்ளி, திருச்சபை, தொழில், கல்வி ஆகிய ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் இறைவனுக்கே பதில் சொல்லக் கடமைப்பட்டது. அரசு இவற்றை விழுங்கலாகாது. இவற்றிடையே நீதி காத்து, வலியோர் எளியோரை நசுக்காமல் தடுப்பதே அதன் பணி. திருச்சபையும் அரசை ஆட்டிப் படைக்கக் கூடாது. இக்கொள்கையில் நமக்கு உடன்பாடான பகுதி உண்டு. ஆட்சி இறைவனுக்கே உரியது என்பதை எந்த முஸ்லிம் மறுப்பான்?

1898-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் அவர் ஆறு சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அவற்றுள் ஒன்று விஞ்ஞானம் பற்றியது. போர் நம்பிக்கைக்கும் விஞ்ஞானத்துக்கும் இடையே நிகழவில்லை என்றார் அவர். எந்த ஆய்வாளனும் ஏதேனும் ஒன்றை நம்பியே ஆய்வைத் தொடங்குகிறான். தன் புலன்களை நம்புகிறான், இயற்கை ஒழுங்குடன் நடக்கும் என்று நம்புகிறான். ஆகவே மோதல் இரு நம்பிக்கைகளுக்கு இடையே எழுவது என்பது அவர் வாதம். 1899-இல் பரிணாமக் கொள்கை பற்றிப் பேசியபோதும் இதே வழியில் சென்றார். உயிரினங்கள் ஒன்றிலிருந்து ஒன்றாகத் தோன்ற வேண்டுமென்று இறைவன் நாடியிருந்தால், அவன் கைவண்ணத்துக்குப் பாணி வகுக்க நாம் யார் என்று கேட்டார். படைத்தவனே இல்லை, வலியது வாழ்வதே அறம் என்று அக்கொள்கையைத் தத்துவமாக்கியதைத்தான் அவர் கடுமையாகச் சாடினார்.

இங்கே இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் நம் நினைவுக்கு வருகிறார்கள். கணித நூலார் கணக்கிட்டுக் கூறும் கிரகணத்தை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவன், மார்க்கத்துக்குத் தீங்கு செய்யும் அறிவற்ற நண்பன் என்பது அப்பெருந்தகையின் எச்சரிக்கை. தத்துவவாதிகளை ‘தஹாஃபுத்’தில் மறுத்தபோதும், கணக்கை அவர்கள் மறுக்கவில்லை. எட்டு நூற்றாண்டு இடைவெளியில் இருவேறு சமயத்தார் ஒரே நுட்பத்தை உணர்ந்திருப்பது எண்ணத்தக்கது.

கத்தோலிக்கரும் கால்வின் வழியினரும் ஹாலந்தில் நெடுங்காலப் பகைவர். ஆயினும் பள்ளிப் பிரச்சினையில் கைப்பர் கத்தோலிக்கரோடு கை கோத்தார். 1889-இல் சமயப் பள்ளிகளுக்கு முதல் உதவி கிடைத்தது. 1901-இல் கைப்பரே பிரதம மந்திரியானார். 1917-இல் அரசியல் சட்டம் திருத்தப்பட்டு, சமயப் பள்ளிகளும் அரசுப் பள்ளிகளும் நிதியில் சமமாயின.

இதுவரை கைப்பரின் புகழைக் கூறினோம். ஆயின் வரலாறு எழுதுவோர் துலாக்கோலின் மறுதட்டையும் நோக்க வேண்டும்.

அவர் தலைமையேற்ற 1901-இல், இந்தோனேசியக் குடிகளுக்கு ஹாலந்து தார்மிகக் கடமைப்பட்டுள்ளது என்று அரசியின் உரை அறிவித்தது. ஆனால் 1873-இல் தொடங்கிய ஆச்சே போர் நிற்கவில்லை. நம் சோழமண்டலக் கரையிலிருந்து முஸ்லிம் வணிகரின் மரக்கலங்கள் சென்று மிளகு ஏற்றி வந்த ஆச்சே அது. 1904-இல் தளபதி வான் டாலனின் படை காயோ, அலாஸ் மலைநாட்டுக்குள் புகுந்தது. கூத்தா ரே என்னும் அரண் சூழ்ந்த ஊரில் மட்டும் 561 பேர் மாண்டனர். அவர்களில் 189 பேர் பெண்கள், 59 பேர் குழந்தைகள். பிணங்களுக்கு மேல் சிப்பாய்கள் நிற்கும் நிழற்படங்களைப் படையோடு சென்ற மருத்துவரே எடுத்து வைத்தார். ஹேக் பாராளுமன்றத்தில் கண்டனம் எழுந்தது. ஆனால் கைப்பரின் அமைச்சரவை கவிழவில்லை. வான் டாலன் 1905-இல் ஆச்சேயின் ஆளுநராக உயர்ந்தார்.

குடும்பத்துக்கும் பள்ளிக்கும் இறைவன் எல்லை வகுத்திருக்கிறான், அரசு அதனைத் தாண்டலாகாது என்று முழங்கியவரின் ஆட்சியில், ஒரு முஸ்லிம் ஊரின் குடும்பங்கள் குழந்தைகளோடு அழிந்தன. தன் நாட்டு ஏழைகளுக்குக் கேட்ட நீதியின் எல்லை கடற்கரையோடு முடிந்துவிட்டதா? தென்னாப்பிரிக்காவில் நிற ஒதுக்கலை ஆதரித்த இறையியலாரும் பிற்காலத்தில் அவர் பெயரைத் துணைக்கழைத்தனர். அதே நாட்டில் நிற ஒதுக்கலை எதிர்த்த அலன் பூசாக் என்னும் போதகரும் கைப்பரையே சான்று காட்டினார். ஒரு கொள்கை யார் கையில் சேர்கிறது என்பதைப் பொறுத்து அது கேடயமும் ஆகும், வாளும் ஆகும்.

1905 தேர்தலில் தோற்றபின் கைப்பர் மத்தியதரைக் கடலைச் சுற்றி நெடும்பயணம் மேற்கொண்டார். துருக்கி, சிரியா, பாலஸ்தீனம், எகிப்து, மொராக்கோ நாடுகளைக் கண்டு இரு தொகுதிகளில் எழுதினார். இஸ்லாத்தைக் கிறிஸ்தவத்தின் போட்டியாளராகவே அவர் நோக்கினார். எனினும் இத்தனை இனத்தாரை ஒன்றாகப் பிணைத்து நிறுத்தும் வலிமை அதற்கு எங்கிருந்து வந்தது என்னும் புதிரை அவரால் எளிதில் கடந்துவிட முடியவில்லை.

அவர் மறைந்து 68 ஆண்டுகளுக்குப் பின், 1988-இல், துருக்கியிலிருந்தும் மொராக்கோவிலிருந்தும் பிழைக்க வந்த தொழிலாளரின் பிள்ளைகளுக்காக ஹாலந்தில் முதல் இஸ்லாமியத் தொடக்கப் பள்ளிகள் அரசு நிதியுடன் திறக்கப்பட்டன. இன்று அத்தகைய பள்ளிகள் ஐம்பதுக்கும் மேல். அவற்றுக்கு ஆதாரமான சட்டம் 1917-இல் கைப்பரின் கட்சியும் கத்தோலிக்கரும் போராடிப் பெற்ற அதே சட்டம். அச்சலுகையை முஸ்லிம்களுக்கு மட்டும் நிறுத்த வேண்டுமென்று குரல் எழுப்புவோரும் அங்கே உண்டு.

தனக்கென்று கேட்கும் உரிமையைச் சட்டமாக்குகிறவன், தான் நினையாதவர்களுக்கும் சேர்த்தே அதனை எழுதிவிடுகிறான். ஆச்சே மக்களுக்குக் கைப்பரின் ஆட்சி மறுத்த நீதியை ராட்டர்டாமின் முஸ்லிம் சிறார்க்கு அவர் இயக்கம் பெற்றுத் தந்த சட்டம் வழங்குகிறது. உரிமை கேட்கும் நாமும், அதே உரிமையை நம்மோடு ஒவ்வாதவருக்கும் மனமுவந்து அளிக்க முன்வருகிறோமா என்று நம்மையே கேட்டுக்கொள்வது நலம்.