கோடிக்கரையின் பருவங்களும் கள ஆய்வின் காலக்கணக்கும்

காவிரிச் சமவெளியின் தென்கிழக்குக் கோடியில், வடக்கிலிருந்து நேராக இறங்கி வரும் கடற்கரை சட்டென மேற்கே திரும்பும் இடத்தில் அமைந்த கோடிக்கரை, உலர் பசுமைமாறாக் காடும் வேதாரண்யம் பெருஞ்சதுப்பும் ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கும் அபூர்வமான பிரதேசமாகும். 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2002இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த இப்பகுதியில், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் சாலிம் அலியின் காலந்தொட்டே வலசைப் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையமிட்டு வந்திருக்கின்றனர். இத்தகைய நிலத்தில் திரட்டப்படும் தரவு, எந்த மாதத்தில் திரட்டப்பட்டது என்பதைக் காட்டிலும், நிலமும் நீரும் எந்த நிலைமையில் இருந்தபோது திரட்டப்பட்டது என்பதைக் கொண்டே மதிக்கப்பட வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஆவணி, புரட்டாசியில் வடதேசத்துப் பறவைகள் வந்திறங்கத் தொடங்கும்போது சதுப்பின் பெரும்பகுதி கோடை வெயிலில் வற்றி உப்புப் பூத்துக் கிடக்கும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழையும் டெல்டாவின் வடிகால்கள் கொண்டுவரும் நன்னீரும் சேர்ந்து அதை நிரப்ப, உவர்ப்பு வெகுவாகத் தணிந்து, சேற்றுக்குள் புழுக்களும் சிறு கணுக்காலிகளும் பெருகுகின்றன. பின்னர் தை, மாசியில் நீர் மெல்ல வடிய வடிய, சேறு ஓரத்திலிருந்து உள்நோக்கி வெளிப்பட்டு, இரை தேடும் பறவைகளுக்குப் புதிய மேய்ச்சல் வெளியாகிறது. இங்கே ஓரிரண்டு அங்குல நீருக்கு உள்ள முக்கியத்துவம், களத்தில் இறங்காதவர்க்கு எளிதில் புலனாவதில்லை. நெடுங்கால் படைத்த பூநாரை முழங்காலளவு நீரிலும் நிதானமாக நடந்து இரை வடிகட்டித் தின்னும். கையகலமே உள்ள கொசு உள்ளானோ ஈரச் சேற்றிலும் அதன்மேல் படலமாய் நிற்கும் நீரிலுமே பிழைக்க முடியும். ஆகவே நீர்மட்டம் சற்றே உயர்ந்தாலும் தாழ்ந்தாலும், அதே சதுப்பில் அதே நாளில் காணத்தக்க பறவைக்கூட்டத்தின் சேர்க்கையே மாறிவிடுகிறது.

1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நடைபெறும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு, பல தேசங்களில் ஏககாலத்தில் நிகழ்வதால், ஒரே பறவை இருமுறை எண்ணப்படும் அபாயத்தைக் குறைக்கிறது. அந்த நன்மையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் கோடிக்கரையைப் பொறுத்தமட்டில், மழை பிந்திப் பெருகிய ஆண்டின் ஜனவரியும் மழை பொய்த்த ஆண்டின் ஜனவரியும் பெயரளவில் ஒன்றேயன்றி இயல்பில் வெவ்வேறு பருவங்களாகும். நீர் ஆழ்ந்து நிற்கும் ஆண்டில் உள்ளான்கள் காலூன்ற இடமின்றி வேறு படுகைகளை நாடிச் சென்றிருக்க, எண்ணிக்கையை மட்டும் கைக்கொண்டவர் அந்த இனமே அருகி வருகிறதென்று முடிவுகட்ட இடமுண்டு. எண்ணிய அன்றே, எண்ணிய இடத்திலேயே, நீரின் ஆழமும் உவர்ப்பும் சேற்றில் வாழும் சிற்றுயிர்களின் அளவும் பதியப்பட்டிருந்தாலன்றி, அந்தக் குறைவு மரணத்தால் வந்ததா, இடப்பெயர்ச்சியால் வந்ததா என்று பின்னால் எவராலும் தீர்மானிக்க இயலாது. ஒரு பறவையும் இல்லாத படுகைகளையும் அவ்வண்ணமே குறித்து வைக்க வேண்டும், வெறுமையும் தரவே.

செயற்கைக்கோள் படங்கள் இருக்கையில் சேற்றில் இறங்குவது எதற்கு என்பாரும் உளர். நீர் எவ்வளவு பரந்திருக்கிறது என்பதை அப்படங்கள் செவ்வனே காட்டும். ஆனால் சேற்றுக்குள் இரை உண்டா என்பதற்கு அவற்றிடம் விடையில்லை.

காட்டின் விஷயம் இன்னும் வருந்தத்தக்கது. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யத்துக்கு அருகே கரையேறிய கஜா புயல் கோடிக்கரைக் காட்டின் மரங்களை ஏராளமாக முறித்துச் சாய்த்தது. அத்தகைய சேதத்தை உள்ளபடி அளக்க வேண்டுமானால், புயலுக்கு முன்பே மரந்தோறும் எழுதி வைத்த பதிவேடு ஒன்று கையில் இருக்க வேண்டும். முதுமலையில் இந்திய அறிவியல் கழகத்தார் 1988இல் 50 ஹெக்டேர் காட்டை வரையறுத்து, மார்பளவு உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் விட்டத்துக்குக் குறையாத ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுத்து, இடம் குறித்து, அழிந்தவற்றையும் புதிதாய்ச் சேர்ந்தவற்றையும் ஆண்டுதோறும் கணக்கிட்டு வருகின்றனர். ஆகையால் அங்கே காட்டுத்தீ புகுந்தாலும் யானைகள் கிளையொடித்தாலும், எந்த இனத்தில் எத்தனை மரங்கள் மாண்டன, மீண்டும் எத்தனை துளிர்த்தன என்று சொல்ல முடிகிறது. பாலை மரங்கள் செறிந்த இந்தக் கடலோரக் காட்டுக்கும் அத்தகைய நிரந்தர நிலமொன்று வேண்டும். அது சிறியதாக இருப்பினும் குற்றமில்லை, அளக்கும் முறை மாறாதிருப்பதே பிரதானம். சீமைக்கருவேல் எத்திசையிலிருந்து எவ்வளவு வேகமாக உட்புகுகிறது என்பதும் அப்போதுதான் அபிப்பிராயமாக இல்லாமல் அளவாக நம் கைக்குக் கிடைக்கும்.

இதனை நிறைவேற்றுவதில் உள்ள நடைமுறைத் தடை, களப்பணி பெரும்பாலும் பாதை உலர்ந்த மாதங்களையே நாடுவதாகும். வண்டி செல்ல வழியின்றி, காலடி புதையும் ஐப்பசி, கார்த்திகையில்தான் உவர்ப்பு தணிகிறது, சேற்றில் உயிர் பெருகுகிறது, புயலும் வருகிறது. ஆய்வுத் திட்டங்களின் ஆள்பலத்தையும் பொருளையும் முதற்கண் ஒதுக்க வேண்டியது அவ்விரு மாதங்களுக்கே. உப்பளத் தொழிலாளரும் மீனவரும் அந்நாட்களில் நீரின் போக்கை நாள்தோறும் கண்டறிந்தவர்கள். அளவுகோலையும் குறிப்பேட்டையும் அவர்கள் கையில் கொடுத்து, உரிய ஊதியத்தோடு அவர்களைத் தரவு சேகரிப்போராகவே நியமிக்கலாம்.