பம்ப் ஸ்டவ் பிறந்த கதை

எண்ணெய் வந்த வேகத்திலேயே அதற்கு மூன்று பெயர் வைத்துவிட்டோம். சீமையிலிருந்து வந்ததால் சீமெண்ணெய். மண்ணுக்கடியில் கிடைத்ததால் மண்ணெண்ணெய். ‘கெரசின் ஆயில்’ என்ற இங்கிலீஷ்காரன் பெயரை மெட்ராஸ் நாக்கு புரட்டிப் போட்டதில் கிருஷ்ணாயில். விளக்கில் அது சுலபமாக இடம்பிடித்துவிட்டது. சமையலறைக்குள் நுழைவதற்குத்தான் பாடுபட்டது. திரியில் ஏறி எரிகிற எண்ணெய்க்குக் காற்று போதாவிட்டால் சுவாலை மஞ்சளாகி, கரி கக்கும். பாத்திரத்தின் அடியெல்லாம் மை, சோற்றில் வாடை. அப்படியொரு அடுப்பை யார் சேர்ப்பார்கள்?

விடை சமையலறையிலிருந்து வரவில்லை, பட்டறையிலிருந்து வந்தது. ஸ்வீடனில் கார்ல் ரிச்சர்ட் நைபெர்க் என்பவர் 1882இல் ஊதுவிளக்கு ஒன்றை உருவாக்கினார். பழைய பெயிண்டைச் சூடுகாட்டி உரிக்க, ஈயப்பற்று வைக்க உதவுகிற கைக்கருவி அது. எண்ணெயை எண்ணெயாகவே எரிக்காமல், ஆவியாக்கிச் சீறவிட்டு எரிப்பதுதான் அதன் சூட்சுமம். பத்து வருஷம் கழித்து, 1892இல், ஸ்டாக்ஹோம் தொழிற்சாலையொன்றில் மெக்கானிக்காக இருந்த ஃபிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்குவிஸ்ட் அதே சூட்சுமத்தைக் கையில் எடுத்தார். பக்கவாட்டில் சீறிக்கொண்டிருந்த பர்னரை மேல்நோக்கித் திருப்பினார். அடியில் ஒரு தொட்டி, சுற்றிலும் கால்கள், தலையில் பாத்திரம். ‘பிரைமஸ்’ பிறந்தது. லத்தீனில் அந்தச் சொல்லுக்கு ‘முதலாவது’ என்று பொருள். ஆமுன்சென் தென்துருவத்துக்குப் போனபோதும், டென்சிங்கும் ஹிலாரியும் எவரெஸ்ட் ஏறியபோதும் பனியை உருக்கித் தண்ணீராக்கிக் கொடுத்தது இந்த அடுப்புதான்.

எனக்கு அது மயிலாப்பூரில், மாடவீதிக்குப் பின்னால் ஒரு ஒண்டுக்குடித்தனத்தில்தான் அறிமுகம். ஒரே வீட்டில் ஏழு போர்ஷன். விறகுத் தொட்டியிலிருந்து சவுக்குக் கட்டை வாங்கிப் போட்டு எரித்தால் அடுத்த போர்ஷனுக்கும் சேர்த்துக் கண் எரியும். குமுட்டியில் கரி பிடித்துக் கனன்று வருவதற்குள் ஆபீஸ் நேரம் வந்துவிடும். இந்த நெருக்கடிக்கு அளவெடுத்துச் செய்தது போல வந்து சேர்ந்தது பித்தளை ஸ்டவ். ஒரு மூலை போதும். புகைபோக்கி வேண்டாம்.

ஆனால் அது சுலபத்தில் பற்றிக்கொள்ளாது. பிறவிக்குணம் அப்படி. பம்ப் அடித்த காற்று தொட்டிக்குள் எண்ணெயை அமுக்க, எண்ணெய் நடுக்குழாய் வழியே பர்னருக்கு ஏறுகிறது. பர்னர் சூடாக இருந்தால்தான் அங்கே ஆவியாகும். அந்த ஆவி நிப்பிளின் ஊசித்துளை வழியாகச் சீறி, போகிற போக்கில் காற்றையும் இழுத்துக்கொண்டு நீலமாக எரியும். எரிய ஆரம்பித்துவிட்டால் தன் சூட்டிலேயே அடுத்தடுத்த எண்ணெயை ஆவியாக்கிக்கொள்ளும். அந்த முதல் சூட்டை மட்டும் நாம்தான் கொடுக்க வேண்டும்.

பாட்டி அதைக் கொடுக்கிற விதத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். விடியற்காலை நாலரை மணி. தொட்டியில் முக்கால் பங்குக்குமேல் எண்ணெய் ஊற்ற மாட்டாள். காற்றுக்கு இடம் வேண்டுமே. காற்றைத் திறந்துவிடும் ஸ்க்ரூவைத் தளர்த்திவைத்துவிட்டு, பர்னருக்குக் கீழே இருக்கும் கிண்ணியில் கொஞ்சம் ஸ்பிரிட் விட்டுக் கொளுத்துவாள். அது எரிந்து அடங்கப்போகிற தருணம் பார்த்து ஸ்க்ரூவை முடுக்கி, நாலு பம்ப். ‘உஸ்ஸ்’ என்று நீலம் பூத்துவிடும். அவசரப்பட்டு முன்னாலேயே பம்ப் அடித்தால் ஆவிக்குப் பதில் எண்ணெயே வெளியே வந்து, மஞ்சள் நெருப்பு ஆளுயரம் எழும்பும். அப்போது அலறக்கூடாது, தண்ணீர் ஊற்றக்கூடாது. ஸ்க்ரூவைத் திறந்தால் காற்றிறங்கி நெருப்பும் படுத்துவிடும். பிறகு முதலிலிருந்து.

சுவாலை ஒரு பக்கமாகச் சாய்ந்தாலோ, சத்தத்தில் விக்கல் வந்தாலோ நிப்பிளில் அடைப்பு. தகரப் பட்டையின் நுனியில் மயிரிழை போலக் கம்பி வைத்த ஸ்டவ் பின்னைக் கொண்டு ஒரு குத்து. பம்ப் தொளதொளத்தால் உள்ளே தோல் வாஷர் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். வெளியே எடுத்து, தேங்காயெண்ணெயில் ஊறவைத்து, விரலால் குடை மாதிரி விரித்து மறுபடி போட வேண்டும். ரசம் நுரைகட்டும்போது ஸ்க்ரூவை ஒரு இழை தளர்த்திக் காற்றைக் குறைப்பாள். கண் பாத்திரத்தில் இருக்கும். காது ஸ்டவ்வில் இருக்கும். இதையெல்லாம் ஒரு மெக்கானிக் செய்தால் தொழில் என்கிறோம், கூலி கொடுக்கிறோம். பாட்டி செய்ததற்கு நாங்கள் ஒரு பெயர்கூட வைக்கவில்லை.

இந்த ஸ்டவ்வோடு ஒட்டிக்கொண்ட இன்னொரு கதையை விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. 1980களில் ‘ஸ்டவ் வெடித்து இளம்பெண் சாவு’ என்ற செய்தி பத்திரிகைகளில் சலித்துப்போகும் அளவுக்கு வந்தது. எரிகிற ஸ்டவ்வில் எண்ணெய் ஊற்றியது, நைலான் புடவை பற்றிக்கொண்டது என்று நிஜமான விபத்துகளும் உண்டு. ஆனால் மாமியார் வீட்டில் மருமகள் கை பட்டால் மட்டும் வெடிக்கிற ஸ்டவ் எந்தப் பட்டறையிலும் செய்யப்படவில்லை. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் நடக்கிற இத்தகைய சாவுகளை வரதட்சணை மரணம் என்று தனிக் குற்றமாக்கிய சட்டத் திருத்தம் 1986இல்தான் வந்தது. அதற்குள் எத்தனையோ பெண்களின் சாவுக்கு ஒரு பித்தளைத் தொட்டி பழி சுமந்துவிட்டது.

இதற்கிடையே வேறு மாற்றங்களும் நடந்துகொண்டிருந்தன. இந்தியன் ஆயில் ஆராய்ச்சிப் பிரிவும் டேராடூன் பெட்ரோலியக் கழகமும் உருவாக்கிய ‘நூதன்’ திரி ஸ்டவ்வுக்குப் பம்பும் வேண்டாம், பின்னும் வேண்டாம். 1965இல் கல்கத்தாவில் தொடங்கிய இண்டேன் கேஸ், வரிசையில் காத்திருந்து காத்திருந்து எங்கள் வீட்டுக்கும் ஒருநாள் வந்தது. பித்தளை ஸ்டவ் பரணுக்குப் போயிற்று.

2015 டிசம்பர் முதல் வாரம். அடையாறு கரைபுரண்டு, எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். நாங்கள் முதல் மாடி. கரண்ட் இல்லை. இரண்டாம் நாள் சிலிண்டரும் தீர்ந்தது. பரணிலிருந்து ஸ்டவ்வை இறக்கினேன்; பக்கத்திலேயே ஒரு கேனில் பழைய ரேஷன் எண்ணெய், அதன் நீலச் சாயம் மங்காமல் இருந்தது. வாஷருக்குத் தேங்காயெண்ணெய் தடவினேன். ஸ்பிரிட் இல்லை, மண்ணெண்ணெயையே கிண்ணியில் விட்டுக் கொளுத்தி, பம்ப் அடித்தேன். மஞ்சள் நெருப்பு குப்பென்று எழும்பியது.

அம்மாவுக்கு அப்போது கண் அவ்வளவாகத் தெரியாது. கூடத்தில் படுத்திருந்தவள் அங்கிருந்தே குரல் கொடுத்தாள்: “ஸ்க்ரூவைத் தெற. சத்தமே வரலையே, இன்னும் காயலைடா அது.”

திறந்தேன். மறுபடி கிண்ணியை நிரப்பிக் கொளுத்திவிட்டு, அம்மா சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

“இப்ப அடி” என்றாள்.