இருபத்தொன்பதும் ஐந்தும்: அண்ணல் அம்பேத்கர் கற்ற தத்துவம்



நம் வீட்டுப் பிள்ளை முதுகலையில் தத்துவம் படிக்கப் போகிறேன் என்று சொன்னால் நாம் கேட்கும் முதல் கேள்வி, 'அதைப் படித்து என்ன வேலைக்குப் போவாய்?' என்பதுதான். அந்தக் கேள்வியைக் குறை சொல்வதற்கில்லை. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகும் வீட்டில், ஒரு பட்டத்தை நம்பி நான்கைந்து பேர் காத்திருக்கிறார்கள். இதே நெருக்கடியோடு கடல் கடந்து போன ஒரு மாணவர் என்ன படித்தார் என்பதை இந்த நினைவுப் பொழிவில் நாம் சேர்ந்து பார்ப்போம்.

1913இல் அண்ணல் அம்பேத்கர் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுகலை மாணவராகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 22. அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் தந்தையை இழந்திருந்தார். பரோடா அரசின் உதவித்தொகை மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று ஆண்டுகளுக்கு. படித்து முடித்ததும் பத்து ஆண்டுகள் அந்த அரசிடம் பணியாற்ற வேண்டும் என்பது ஒப்பந்தம். கைக்கு வந்த தொகையில் வீட்டுக்கும் மிச்சம் பிடித்து அனுப்ப வேண்டியிருந்தது.

அவருடைய முதன்மைப் பாடம் பொருளாதாரம். 1915இல் முதுகலைப் பட்டத்தை அதில்தான் பெற்றார். கொலம்பியாவில் அவர் எடுத்த பாடங்களின் கணக்கு நமக்குக் கிடைக்கிறது: பொருளாதாரத்தில் 29, வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானுடவியலில் 4. இவை தவிர அரசியலும் மொழிப் பாடங்களும் உண்டு. இந்த வரிசையில் நாம் அதிகம் பேசாதவை அந்த ஐந்து தத்துவப் பாடங்கள்.

அவற்றின் எடையை அறிய, அவருடைய பள்ளி நாள்களுக்குப் போக வேண்டும். பம்பாயில் உயர்நிலைப் பள்ளி மாணவராக இருந்தபோது அவர் சமஸ்கிருதம் படிக்க விரும்பினார். தீண்டப்படாத பிள்ளைக்கு அதைக் கற்பிக்க ஆசிரியர் மறுத்தார். வேறு வழியின்றிப் பாரசீகம் எடுத்தார். தம்மைத் தாழ்த்தி வைத்த நூல்கள் எந்த மொழியில் எழுதப்பட்டிருந்தனவோ, அந்த மொழியைக் கற்கும் உரிமையும் அவருக்கு இல்லை. பிற்காலத்தில் தம் முயற்சியால்தான் அதைக் கற்றுக்கொண்டார்.

கொலம்பியாவில் நிலை வேறு. அங்கே ஜான் டூயியின் வகுப்பில் மற்ற மாணவர்களோடு ஒருவராக உட்கார்ந்து அறவியலும் அரசியல் தத்துவமும் கேட்டார். டூயி, டஃப்ட்ஸ் என்பவரோடு சேர்ந்து எழுதிய அறவியல் நூல் 1908இல் வெளிவந்திருந்தது. விதி வேறு, கொள்கை வேறு என்று அந்நூல் பிரித்துக் காட்டுகிறது. இன்னதை இப்படிச் செய் என்று சொல்வது விதி. பின்பற்றுகிறவர் யோசிக்க வேண்டியதில்லை. எது சரி என்று எடைபோட உதவுவது கொள்கை. அதன்படி நடப்பவர் தம் செயலுக்குத் தாமே பொறுப்பேற்க வேண்டும்.

வகுப்பறைப் பாடம் போலத் தோன்றும் இந்த வேறுபாடு இருபது ஆண்டுகள் கழித்து என்ன ஆயிற்று என்று பாருங்கள். 1936இல் லாகூரின் ஜாத் பாத் தோடக் மண்டல், தாம் அழைத்த அம்பேத்கரின் உரையைப் படித்துப் பார்த்துவிட்டு மாநாட்டையே கைவிட்டது. அவர் அந்த உரையைத் தம் செலவில் அச்சிட்டார். அதுதான் 'சாதியை அழித்தொழித்தல்'. வேதங்களும் ஸ்மிருதிகளும் மதம் என்று தருவது விதிகளின் மூட்டையே என்றும், விதிக்குக் கட்டுப்படுவதில் அறப்பொறுப்பு இல்லை என்றும், கொள்கையின் மேல் நிற்பதே மதம் எனத் தகும் என்றும் அதில் வாதிட்டார். கிணற்றில் யார் தண்ணீர் மொள்ளலாம், பந்தியில் யார் எங்கே உட்காரலாம் என்று ஊர் வகுத்தவையெல்லாம் விதிகள்தாம் என்பதை நாம் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. தம் ஆசிரியர் டூயிக்குப் பட்ட கடனையும் அந்த உரையிலேயே பதிவு செய்தார். ஆனால் டூயி தந்தது கருவியை மட்டுமே. அதை எதன்மீது பயன்படுத்துவது என்பது, தாகத்தோடு பள்ளியில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்குத்தான் தெரியும்.

1952 ஜூன் 5 அன்று கொலம்பியா அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது. நான்கு நாள் முன்பு, ஜூன் 1 அன்று, டூயி தம் 92ஆம் வயதில் அதே நியூயார்க்கில் காலமாகியிருந்தார்.

தத்துவம் நியூயார்க்கிலிருந்துதான் நமக்கு வர வேண்டியிருந்தது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. 1907இல் சென்னையில் சித்த மருத்துவரான அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். அதே ஆண்டில் அறிவியல் பேராசிரியர் லட்சுமி நரசு பௌத்தத்தின் சாரத்தை ஆங்கிலத்தில் நூலாக்கினார். அந்நூலை 1948இல் முன்னுரை எழுதி மறுபதிப்பாகக் கொண்டுவந்தவர் அம்பேத்கர். பல்கலைக்கழகத் தத்துவத் துறைகளுக்கு வெளியே நின்றுதான் நம் முன்னோர் தத்துவம் பேசினார்கள். ஆனால் பாடத்திட்டம் எழுதுகிறவர்கள் உள்ளே இருக்கிறார்கள். எது தத்துவம், எது வெறும் நம்பிக்கை என்று முடிவு செய்கிறவர்களும் அவர்களே. அந்த அறைக்குள் நம் பிள்ளைகள் இல்லாவிட்டால் பண்டிதரும் நரசுவும் பாடமாக மாட்டார்கள்.

வேலையைப் பற்றிய கேள்வியைக் கைவிடும்படி நாம் யாரிடமும் சொல்லவில்லை. அண்ணலும் அதைக் கைவிடவில்லை. இருபத்தொன்பது பாடங்கள் பொருளாதாரம்தான் படித்தார். ஆனால் அந்த ஐந்தையும் விடவில்லை. அடுத்த முறை நம் வீட்டில் ஒரு பிள்ளை தத்துவம் படிக்க வேண்டும் என்று வந்து நின்றால், உடனே தடுக்காமல் உட்கார வைத்துப் பேசுவோம்.